மூன்று விபத்து, ஒரு வேகத்தடை: எது காசுக்குத் தகும்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுதினால் இருவருக்கும் நேரம் வீண். நீங்கள் சிங்கப்பூரில் ஒரு குடியிருப்பாளர் குழுவில் தொண்டூழியர். ஈரச்சந்தைக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கும் நடுவே ஓடும் சாலையில், மக்கள் வழக்கமாகக் கடக்கும் ஓர் இடத்தில், சென்ற ஆண்டு மட்டும் மூன்று பேர் வாகனம் மோதிக் காயமடைந்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளிலும் மொத்தமாக அங்கே ஒரே ஒரு விபத்துதான். குழுவில் ஒருவர் பாதசாரி மேம்பாலம் கேட்கிறார். ஒருவர் வேகத்தடை மேடு போதும் என்கிறார். இன்னொருவர், பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சி நடத்தலாம், செலவே இல்லை என்கிறார். கோரிக்கை அனுப்புமுன் எது காசுக்குத் தகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறீர்கள். ஆனால் உயிருக்கு விலை வைத்துக் கணக்குப் போடுவது பாவம் இல்லையா என்ற உறுத்தலும் இருக்கிறது.

உயிரின் விலை பற்றிய அந்த உறுத்தல்தான் எல்லாரையும் தூங்கவிடாமல் செய்கிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போக்குவரத்துப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் அது இல்லை. உயிரின் விலையை இரண்டு மடங்காக்கினாலும் பாதியாக்கினாலும் பல திட்டங்களின் வரிசை மாறுவதில்லை. ‘ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் எத்தனை விபத்து நடந்திருக்கும்?’ என்ற எண்ணில் தவறினால் வரிசை தலைகீழாகிவிடும். நடக்காமல் போன ஒன்றை எண்ண வேண்டியிருப்பதுதான் இந்தத் தொழிலின் சங்கடம். பாலம் கட்டுகிறவனுக்குப் பாலம் கண்ணெதிரே நிற்கிறது. எங்களுக்கோ, மோதாமல் போன கார்தான் விளைச்சல்.

நான் சறுக்கிய கதை ஒன்றைச் சொல்லிவிட்டால் இது எளிதில் விளங்கும். வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், ஒரு நிறுவனத்துக்காகச் சாலைச் சந்திப்புகளின் ‘முன்-பின்’ அறிக்கை எழுதினேன். விபத்து அதிகமான சந்திப்புகளைப் பட்டியலிட்டு, மேலே இருந்தவற்றில் அடையாளக் கோடுகளையும் விளக்குகளையும் மாற்றியிருந்தார்கள். மறு ஆண்டு விபத்துகள் பாதிக்கும் கீழே போயிருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கையை ஒரு மூத்த சக ஊழியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, பட்டியலில் இருந்தும் பணம் கிடைக்காத சந்திப்புகளில் என்ன ஆயிற்று?” போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது. யாரும் ஒரு கோடுகூடப் போடவில்லை.

இதற்குச் ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்று பெயர். ஓர் இடத்தில் விபத்து நடப்பது, அந்த இடத்தின் உண்மையான அபாயமும் அந்த ஆண்டின் தற்செயலும் கலந்த கலவை. மோசமான ஆண்டைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அபாயத்தோடு கெட்ட நேரத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். அடுத்த ஆண்டு கெட்ட நேரம் தானாக விலகிவிடுகிறது. பெயர் வேகத்தடைக்குப் போகிறது. கனடாவின் எஸ்ரா ஹவர் என்ற பொறியாளர் தம் வாழ்நாளின் பெரும் பகுதியை இந்த ஒரு தவறை விளக்குவதிலேயே செலவிட்டார் என்று சொன்னால் மிகையில்லை. அவர் காட்டிய வழி எளியது: உங்கள் இடத்தின் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். அதே அகலம், அதே போக்குவரத்து, அதே வகை மக்கள் நடமாட்டம் உள்ள மற்ற இடங்களின் சராசரியோடு அதைக் கலந்து பாருங்கள். உங்கள் தரவு எவ்வளவு குறைவோ, அந்தச் சராசரிக்கு அவ்வளவு எடை கொடுங்கள்.

உங்கள் சாலைக்கே போட்டுப் பார்ப்போம். சென்ற ஆண்டு 3. ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 4, அதாவது ஆண்டுக்கு 0.8. இதைப் போன்ற மற்ற இடங்களில் ஆண்டுக்கு 0.4 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உண்மையான எண்ணை நீங்கள் கேட்டுப் பெற வேண்டும். இரண்டுக்கும் சம எடை கொடுத்தால் 0.6. ஆக, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலும் அடுத்த ஆண்டு எதிர்பார்க்கத் தக்கது மூன்று விபத்து இல்லை, 0.6தான். மூன்றிலிருந்து 0.6க்கு இறங்கினால் அது 80 விழுக்காடு சரிவு. விளக்குக் கம்பத்தில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் கட்டித் தொங்கவிட்டிருந்தாலும் அந்த 80 விழுக்காடு கிடைத்திருக்கும். நகராண்மைக் கழகம் பூசணிக்காயை அகற்றச் சொல்லும் என்பது வேறு விஷயம்.

இப்போது செலவு. கடக்கும் இடத்தையே மேடாக உயர்த்திக் கட்ட 80,000 வெள்ளி, பத்து ஆண்டு உழைக்கும், பராமரிப்புக்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்கு விளங்குவதற்காக நான் போட்ட தொகைகள். குத்தகையாளரின் விலைப்புள்ளி வேறாகத்தான் இருக்கும். 80,000ஐப் பத்தால் வகுத்து 8,000 என்று எழுதிவிடக் கூடாது. இன்று செலவழிக்கும் பணம் வேறொரு வேலைக்கு உதவியிருக்கும் என்பதால் அதற்கும் ஒரு விகிதம் சேர்க்க வேண்டும். பிரிட்டிஷ் நிதியமைச்சு பொதுத் திட்டங்களுக்கு 3.5 விழுக்காடு என்று வைத்திருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டால் ஆண்டுச் செலவு சுமார் 9,600. பராமரிப்பையும் சேர்த்தால் 12,600 வெள்ளி. மேடு விபத்துகளை 30 விழுக்காடு குறைக்கும் என்று கொள்வோம். 0.6இல் 30 விழுக்காடு 0.18. ஒரு காய விபத்தைத் தவிர்க்க ஆகும் செலவு ஏறத்தாழ 70,000 வெள்ளி. இதையே சென்ற ஆண்டின் மூன்றை வைத்துப் போட்டிருந்தால் 0.9 விபத்து தவிர்க்கப்படும், செலவு 14,000 என்று வந்திருக்கும். அதே மேடு, அதே சிமெண்ட். கணக்கு மட்டும் ஐந்து மடங்கு மலிவாகிவிடுகிறது. குழுக் கூட்டத்தில் யாராவது எண்களோடு வந்தால், ‘எந்த ஆண்டை அடிப்படையாக வைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

எழுபதாயிரம் அதிகமா குறைவா என்று சொல்ல உயிருக்கு விலை வேண்டாமா என்பீர்கள். உங்களுக்கு வேண்டாம். உங்கள் முன் மூன்று திட்டங்கள் இருக்கின்றன. மூன்றிலும் ஒரு விபத்தைத் தவிர்க்க எவ்வளவு ஆகிறது என்று பார்த்து ஒப்பிட்டாலே போதும். இது செலவு-பயன்திறன் கணக்கு. காயத்தையும் மரணத்தையும் வெள்ளியாக மாற்றி, சாலைக்கா மருத்துவமனைக்கா என்று பணத்தைப் பிரிப்பது செலவு-நன்மைக் கணக்கு. அது அமைச்சு அளவில் தேவைப்படுகிறது, உங்கள் குழுவைப் போன்ற அடித்தள அமைப்புக்குத் தேவையில்லை.

இருந்தாலும் உங்கள் உறுத்தலுக்கு மரியாதை தந்து இரண்டு வார்த்தை. ‘உயிரின் விலை’ என்று பெயர் வைத்தவர் யாரோ, எங்கள் தொழிலுக்குப் பெரிய கேடு செய்துவிட்டார். அது யாருடைய தலைக்கும் வைத்த விலை இல்லை. ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு லட்சத்தில் ஒரு பங்கு மரண அபாயத்தைக் குறைக்க ஒவ்வொருவரும் 100 வெள்ளி கொடுக்கத் தயார் என்றால், மொத்தம் 10 மில்லியன் வெள்ளி. சராசரியாக ஓர் உயிர் மிஞ்சும். அந்த 10 மில்லியன்தான் அந்த எண். யார் பிழைத்தார் என்று யாருக்கும் தெரியாது. பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங் 1968இலேயே இந்த வேறுபாட்டை எழுதிவிட்டார். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023ஆம் ஆண்டுக்கு வைத்திருந்த எண் 13.2 மில்லியன் அமெரிக்க டாலர். இதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். நாட்டுக்கு நாடு இது வெகுவாக மாறும்.

பழைய முறை ஒன்று இருந்தது: இறந்தவர் உயிரோடு இருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று கூட்டுவது. அந்தக் கணக்கில் ஓய்வு பெற்ற தாத்தாவின் உயிர் கிட்டத்தட்டப் பூஜ்யம், சம்பளம் வாங்காத இல்லத்தரசியின் உயிரும் அப்படியே. உங்கள் ஈரச்சந்தைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பிரிட்டன் 1988இல் மரணங்களுக்கு இந்த முறையைக் கைவிட்டது. புதிய முறையிலும் ஒரு பள்ளம் உண்டு: கொடுக்கத் தயாரான தொகை வருமானத்தைப் பொறுத்தது. லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகும் வெளிநாட்டு ஊழியரைக் கேட்டால், தம் பாதுகாப்புக்கு அவர் தரக்கூடிய தொகை, கண்டோமினியத்தில் இருப்பவர் தரக்கூடியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதனால் அவர் உயிர் மலிவு என்று ஆகிவிடுமா? ஆகக் கூடாது என்பதற்காகவே, அமெரிக்கா போன்ற நாடுகளில் அரசு ஆளைப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொள்கிறது. ஊழியர்களை லாரியில் ஏற்றலாமா என்ற நம் ஊர் விவாதத்தில் பேருந்துக்கு ஆகும் கூடுதல் செலவை முதலாளிகள் உடனே சொல்லிவிடுகிறார்கள். தட்டில் இருக்கைவார் இல்லாமல் போகும் அபாயத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் யாரும் சொல்வதில்லை. செலவு ஒருவர் பையிலிருந்தும் பயன் இன்னொருவர் உடம்பிலும் இருக்கும்போது, மொத்தக் கூட்டலை மட்டும் பார்ப்பது நியாயமாகாது என்பது என் கருத்து. இது பொறியியல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, உங்கள் மூன்று யோசனைகளுக்கு வருவோம். பள்ளி நிகழ்ச்சி செலவில்லாதது என்றவருக்கு முதலில் பதில். செலவு குறைவாக இருப்பதும் மலிவாக இருப்பதும் ஒன்றாகாது. வகுக்கும் எண், அதாவது தவிர்க்கப்படும் விபத்துகள், பூஜ்யத்தை நெருங்கினால், மேலே எவ்வளவு சிறிய தொகை இருந்தாலும் ஒரு விபத்தைத் தவிர்க்கும் செலவு வானத்துக்குப் போய்விடும். பாதசாரிப் பாதுகாப்புக் கல்வி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் (மருத்துவ, சுகாதார ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வு, குழந்தைகளின் அறிவும் ஓரளவு நடத்தையும் மேம்படுகின்றன, காயங்கள் குறைகின்றனவா என்பதற்கு நல்ல சான்று இல்லை என்றே சொன்னது. பள்ளி மாணவர்களுக்கு வாகனம் ஓட்டக் கற்பிக்கும் திட்டங்களில் நிலைமை இன்னும் வேடிக்கை: அவர்கள் சீக்கிரமாகவே உரிமம் எடுத்து, சீக்கிரமாகவே சாலைக்கு வந்துவிட்டார்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 1981இலிருந்து இருக்கும் சாலைப் பாதுகாப்புப் பூங்காவுக்குப் போகாத சிங்கப்பூர்ப் பிள்ளை அரிது. என் மகள் அங்கே குட்டி சைக்கிளில் சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டு, தன்னைப் போலிஸ் பிடித்துவிடும் என்று வீடு வரும்வரை அழுதாள். இன்றும் அவள் சிவப்பில் கடப்பதில்லை. ஆனால் அது பூங்காவாலா, அவள் சுபாவத்தாலா? ஒரு தலைமுறையே அங்கே போய்வந்திருக்கும்போது, போகாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. உங்கள் விஷயத்தில் இன்னும் எளிய கேள்வி ஒன்று உண்டு: காயமடைந்த மூவரில் எத்தனை பேர் பள்ளிப் பிள்ளைகள்?

மேம்பாலம் கேட்டவருக்கு வருகிறேன். ஏறி நடந்தால் மோதலுக்கு இடமே இல்லை என்பதால் தாளில் இது மிகச் சிறந்த தீர்வு. தாளில் மட்டும்தான். ஒருமுறை ஒரு பழைய குடியிருப்புப் பேட்டையில் காலை ஏழு மணியிலிருந்து கையில் எண்ணும் கருவியோடு நின்றேன். சந்தையிலிருந்து ஓர் அம்மா வந்தார். இரண்டு சக்கரத் தள்ளுவண்டி, அதில் கீரைக்கட்டு பிதுங்கி நிற்க, மேலே ஒரு மீன் பொட்டலம். பாலத்தின் அடியில் வந்து நின்று, படிக்கட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பி, தடுப்புக் கம்பி முடியும் இடம்வரை நடந்து, அங்கே இறங்கிச் சாலையைக் கடந்தார். பாலத்துக்கு நேர் கீழே கடந்தால் ஓட்டுநர்கள் எதிர்பார்த்தாவது இருப்பார்கள். அவர் போன இடத்தில் யாரும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. இங்கே பல மேம்பாலங்களில் பின்னர் மின்தூக்கிகள் பொருத்த வேண்டி வந்ததற்குக் காரணம் அந்த அம்மாவைப் போன்றவர்கள்தான். மின்தூக்கி வந்ததும் மின்சாரம், பழுதுபார்ப்பு, பழுதான நாள்களில் என்ன செய்வது என்று செலவுப் பத்தி நீள்கிறது. ஆறு தட விரைவான சாலைக்கு மேம்பாலம் சரி. இரண்டு தடச் சந்தைச் சாலைக்கு அதைக் கேட்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதைப் போன்றது.

எனவே வேகத்தைக் குறைக்கும் வழிகளின் பக்கம்தான் என் சாய்வு, அதற்குக் காரணம் வெறும் விருப்பம் இல்லை. வேகத்துக்கும் காயத்துக்கும் உள்ள உறவு இந்தத் துறையில் மிக உறுதியாக நிலைநாட்டப்பட்ட சிலவற்றில் ஒன்று. சுவீடனின் யோரான் நில்சன், சராசரி வேகத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மரண விபத்துகள் மாறுகின்றன என்று காட்டினார்: வேகம் 5 விழுக்காடு குறைந்தால் மரண விபத்துகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். நகர்ச் சாலைகளில் இந்த அடுக்கு நான்கைவிடக் குறைவு என்று நார்வேயின் ரூன எல்விக் பின்னர் திருத்தினார். அப்படியே கொண்டாலும் 50 கிலோமீட்டரை 45 ஆக்கினால் மரண விபத்துகளில் ஏறத்தாழ கால்பங்கு குறையும் என்று எதிர்பார்க்கலாம். ஒரு சாதாரண மேட்டுக்கு இது நல்ல விளைச்சல்.

2014இல் தொடங்கிய சில்வர் ஸோன் திட்டம் இந்த அறிவைத்தான் மூத்தோர் வட்டாரங்களில் பயன்படுத்துகிறது: வளைத்துவிட்ட தடங்கள், குறுக்கிய அகலம், மேடுகள், நடுவே நின்று மூச்சு வாங்கிவிட்டு மீதிப் பாதியைக் கடக்க ஒரு திட்டு. அமைத்து முடித்த இடங்களில் மூத்த பாதசாரிகள் சம்பந்தப்பட்ட விபத்துகள் நான்கில் மூன்று பங்குக்கும் குறையாமல் சரிந்திருப்பதாக அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நல்ல திட்டம், வேலை செய்யும் என்றே நம்புகிறேன், ஏனென்றால் எப்படி வேலை செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அந்த இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பவற்றில் விபத்து எண்ணிக்கையும் ஒன்று. ஆகவே அந்தச் சரிவில் ஒரு பகுதி என் பழைய அறிக்கையின் பூசணிக்காய்க் கணக்காக இருக்கலாம். உங்கள் கோரிக்கையில் அந்த விழுக்காட்டை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். பாதிக்கும் கீழே வைத்துக்கொண்டு, அப்போதும் திட்டம் தேறுகிறதா என்று பாருங்கள். தேறினால் துணிந்து கேளுங்கள்.

கேமரா வைத்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கேமராக்கள் பலன் தருகின்றன: காக்ரேன் தொகுப்பில், கேமரா இருக்கும் இடங்களின் சுற்றுப்புறத்தில் மரண, கடுங்காய விபத்துகள் 11 முதல் 44 விழுக்காடு வரை குறைந்திருந்தன. நம் ஊரிலும் 2024 ஏப்ரல் 1 முதல் சிவப்பு விளக்குக் கேமராக்களே வேகத்தையும் பிடிக்கத் தொடங்கின. இருக்கும் கருவிக்கு இன்னொரு வேலை கொடுத்ததால் கூடுதல் செலவு குறைவு. இந்த வகையில் அது புத்திசாலித்தனமான முடிவு. அபராதப் பணத்தை மட்டும் நன்மைப் பத்தியில் எழுதாதீர்கள். அது ஓட்டுநர் பையிலிருந்து அரசுப் பைக்கு மாறுகிறது, சமூகத்துக்குப் புதிதாக ஒன்றும் வரவில்லை. கேமராவுக்கு முன் பிரேக்கை மிதித்து, தாண்டியதும் பாய்கிறவர்களும் உண்டு. இரண்டு தடச் சந்தைச் சாலைக்குக் கேமரா கிடைக்காது என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

செலவுப் பத்தியில் பலர் மறப்பது நேரம். 2018இல் கிளமெண்டியில் ஒரு சந்திப்பில் நடந்த டாக்சி விபத்தில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இறந்த பிறகு, எதிரே வரும் வாகனங்களுக்கு இடையில் இடைவெளி பார்த்து வலப்பக்கம் திரும்பும் பழக்கம் பெரிய விவாதமானது. பெரும்பாலான சந்திப்புகளில் அதற்கெனத் தனியாகச் சிவப்பு-மஞ்சள்-பச்சை அம்பு விளக்குகள் வரும் என்று அறிவிக்கப்பட்டது. விளக்கின் விலை சிறியது. அதன் உண்மையான விலை, அம்புக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு காரின் நேரம். பத்தாயிரம் வாகனங்கள் நாளுக்கு இரண்டு விநாடி தாமதமானால் நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரம். அதை வெள்ளியாக்கி ஆண்டு முழுவதும் கூட்டினால் எந்தப் பாதுகாப்புத் திட்டத்தையும் காகிதத்திலேயே கொன்றுவிடலாம். இரண்டு விநாடியை யாரும் உணர்வதுகூட இல்லை. அதை மணிக்கணக்காகக் கூட்டலாமா என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நான் இரண்டு விடையையும் எழுதிவைத்துவிடுவேன்: நேரத்தைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. பாதசாரி விளக்கில் பச்சை மனிதனின் நேரத்தை நீட்டிக்க மூத்தோர் தங்கள் அட்டையைத் தட்டும் வசதி 2009இலிருந்து இருக்கிறதே, அந்தக் கூடுதல் விநாடிகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். தேவைப்படும்போது மட்டும், தட்டியவருக்கு மட்டும் கொடுப்பதால் அது தப்பித்தது.

இன்னொரு எச்சரிக்கை, இது நாடு முழுவதற்கும் பொருந்தும். சிங்கப்பூர்ச் சாலைகளில் 2022இல் 108 பேர் இறந்தார்கள், 2023இல் 136, 2024இல் 142. ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாள் காரணம் தேடுகிறது, எல்லாரும் தத்தமக்குப் பிடித்த காரணத்தைச் சொல்கிறார்கள். 136 போன்ற ஓர் எண்ணிக்கை, அபாயம் கொஞ்சமும் மாறாமலே, தற்செயலால் மட்டும் மேலும் கீழும் இருபதுக்கு மேல் ஆடக்கூடியது. 136க்கும் 142க்கும் இடையிலுள்ள ஆறை வைத்து ஒன்றும் பேச முடியாது. 108க்கும் 136க்கும் இடையிலுள்ள ஏற்றத்தில் உண்மையான பகுதி எவ்வளவு என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. எல்லாமே தற்செயல் என்று சொல்லவும் இல்லை. பல ஆண்டுகளாக அசையாமல் நிற்பது ஒன்றுதான்: வாகனங்களில் ஏழில் ஒரு பங்கு அளவே உள்ள மோட்டார் சைக்கிள்களில் போகிறவர்கள், இறப்பவர்களில் பாதி அளவுக்கு இருக்கிறார்கள். நாடளவில் காசை எங்கே போடுவது என்று கேட்டால் நான் அங்கேதான் கை காட்டுவேன்.

நாட்டின் எண்ணே இப்படி ஆடும்போது உங்கள் சாலையின் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேடு கட்டியபின் இரண்டு ஆண்டு விபத்தே இல்லை என்றாலும் அது வெற்றிக்குச் சான்றாகாது; ஒன்று நடந்துவிட்டால் தோல்வி என்றும் ஆகாது. அதனால் விபத்தை எண்ணி முடிவு சொல்லும் ஆசையை விட்டுவிடுங்கள். வேகத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள், கட்டுமுன் ஒரு வாரம், கட்டியபின் ஒரு வாரம். நூற்றில் எண்பத்தைந்து வாகனங்கள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்பதுதான் பொறியாளர்கள் பார்க்கும் எண். கூடவே, மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எண்ணுங்கள்: பாதசாரி பின்வாங்கியது, ஓட்டுநர் திடீர் பிரேக் போட்டது, ஹார்ன் அடித்தது. இவை விபத்தைவிடப் பல மடங்கு அதிகம் நடப்பதால் சில நாள்களிலேயே உருப்படியான எண்ணிக்கை கிடைத்துவிடும். பக்கத்துச் சாலையிலும் அளக்க மறக்காதீர்கள். மேட்டுக்குப் பயந்து வாகனங்கள் அங்கே புகுந்தால், உங்கள் விபத்தை அண்டை வீட்டுக்குக் கடன் கொடுத்ததாகிவிடும்.

உங்கள் இடத்தை நான் நேரில் பார்த்ததில்லை. நேரில் பார்க்காமல் சொல்லும் யோசனைக்கு ஓர் எல்லை உண்டு. இப்போதைக்கு என் வரிசை இது: நடுவே திட்டோடு கூடிய மேடான கடப்பை முதலில் கேளுங்கள். பள்ளி நிகழ்ச்சியை நடத்த விரும்பினால் நடத்துங்கள், ஆனால் கணக்கில் அதன் எதிரே பயன் என்று எதுவும் எழுதாதீர்கள். மேம்பாலத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. நடந்த நான்கு விபத்துகளும் எந்த நாள், எந்த மணி, எந்தத் திசையிலிருந்து வந்த வாகனம், மழையா வெயிலா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று விபத்து இருட்டிய பிறகு, மழையில் நடந்திருந்தால், மேட்டுப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு ஒரு குடையோடு போய் அந்த இடத்தில் நில்லுங்கள்; விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தை எந்த மரக்கிளை மறைக்கிறது என்று பாருங்கள். கிளையை வெட்ட 80,000 வெள்ளி ஆகாது.